ஒன்பதாம் பக்கத்தில் இருக்கும் பாதை

கேள்வி: தாண்டிக்குடிப் பக்கம் எங்களுக்கு இரண்டரை ஏக்கர் காப்பி, மிளகுத் தோட்டம். அப்பாவுக்கு 71 வயது. எங்கள் தோட்டத்துக்கு மேல் தோட்டத்தின் வழியாகத்தான் பாதை. 2014ல் அந்தத் தோட்டக்காரர் படல் கட்டிக் குதிரைச் சுமையை நிறுத்தினார். ஆள் நடப்பதைத் தடுக்கவில்லை. அப்பா கொடைக்கானல் கோர்ட்டில் கேஸ் போட்டார். எங்கள் வக்கீல் வராததால் 2016ல் தள்ளுபடி ஆனது. பிறகு 2017ல் ஒன்று, 2019ல் ஒன்று, மதுரையில் இரண்டு ரிட், சர்வேயர் மேல் ஒரு கிரிமினல் கேஸ். எதுவும் நிற்கவில்லை. கலெக்டர் ஆபீசுக்குப் போட்ட மனுவுக்குக் கணக்கே இல்லை. மேல் தோட்டம் கை மாறியது. புதியவர் போன வருடம் மார்ச்சில் இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிட்டார். இப்போது ஓடையைச் சுற்றித்தான் தோட்டத்துக்குப் போகிறோம். அவருடைய வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். அப்பாவை வம்பு வழக்காளி என்று அறிவிக்க வைத்து, ஆயுசுக்கும் எந்தக் கோர்ட்டிலும் கேஸ் போட முடியாமல் செய்துவிடுவோம் என்கிறார். அப்படிச் செய்ய முடியுமா? என் பெயரில் புதிதாக ஒரு கேஸ் போடலாமா? அப்பா ராத்திரி மூன்று மணிக்கு எழுந்து மனு எழுதுகிறார். அம்மா அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டார்.

ஒரு வாசகி, கீழ்ப் பழனிமலை

பதில்:

அன்புள்ள சகோதரி,

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய நகல் கட்டை இரண்டு சாயங்காலம் உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. நோட்டீஸ் பயத்தை முதலில் தீர்த்துவிடலாம். அது போனால்தான் மற்றது காதில் ஏறும்.

அந்த வக்கீல் சொல்கிற சட்டம் உண்மையிலேயே இருக்கிறது. 1949ல் சென்னை மாகாணத்தில் வந்த வம்பு வழக்குத் தடுப்புச் சட்டம் அது. மிகச் சின்னச் சட்டம், ஒரு தாளில் அடங்கிவிடும். நியாயமான முகாந்திரம் இல்லாமல், வழக்கமாகவே ஒருவர் வம்புக்கு வழக்குப் போட்டு வருகிறார் என்று உயர் நீதிமன்றம் கருதினால், இனி அவர் அனுமதி பெறாமல் சிவில், கிரிமினல் எதுவும் தொடுக்கக் கூடாது என்று உத்தரவு போடலாம். அந்த உத்தரவு அரசிதழில் வெளியாகும். அதை மீறிப் போட்ட வழக்கு தள்ளுபடியாகும்.

நோட்டீசில் எழுதாமல் விட்டதுதான் உங்களுக்கு முக்கியம். மேல் தோட்டக்காரரோ அவருடைய வக்கீலோ நேராகப் போய் இப்படி ஒரு உத்தரவைக் கேட்க முடியாது. அரசின் தலைமை வழக்கறிஞர்தான் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். ஒரு தனி மனிதர் தன் எதிரியின் வாயை அடைக்க இந்தச் சட்டத்தைக் கையில் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த தாழ்ப்பாள் அது. அப்புறம், அப்பாவை அழைத்து அவர் தரப்பைக் கேட்காமல் உத்தரவு போட முடியாது. திங்கட்கிழமை மனு, தகவல் உரிமை மனு, முதலமைச்சர் தனிப்பிரிவுக்குப் போன கடிதம் இவையெல்லாம் இந்தக் கணக்கில் வராது. கோர்ட்டில் போட்ட வழக்குகளை மட்டுமே எண்ணுவார்கள். கடைசியாக, உத்தரவே வந்தாலும் ஆயுசுக்கும் கதவு மூடிவிடாது. உங்கள் ஊரைப் பொறுத்தவரை திண்டுக்கல் மாவட்ட நீதிபதியிடம் போய், இந்த வழக்கில் மேலோட்டமாகப் பார்த்தாலே ஒரு நியாயம் தெரிகிறது என்று காட்டினால் அனுமதி கிடைக்கும். வாசலில் ஒரு ஆள் நின்று, என்ன விஷயமாக வந்தீர்கள் என்று கேட்பார், அவ்வளவுதான்.

இந்தச் சட்டம் செல்லுமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆந்திராவிலிருந்து மாவ்லே என்பவர் கொண்டுபோன வழக்கில், 1965ல் சட்டம் செல்லும் என்று தீர்ப்பானது. கட்டுப்பாடே இல்லாமல் வம்பு வழக்குப் போடுவது எந்தக் குடிமகனுக்கும் உரிமை ஆகாது, உண்மையான வழக்கை இந்தச் சட்டம் தடுக்கவும் இல்லை என்று நீதிபதிகள் சொன்னார்கள்.

இந்தச் சட்டத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. எதிர்ப்பக்கம் நின்றும் வழக்கு நடத்தியிருக்கிறேன். பங்காளி ஒருவர் மாற்றி மாற்றிப் போட்ட வழக்குகளுக்காகக் கொத்தமல்லிக் காட்டை விற்று, பட்டிவீரன்பட்டியிலிருந்து வாய்தாவுக்கு வாய்தா பஸ் ஏறி வந்த ஒரு விதவைத் தாயை எனக்குத் தெரியும். ஒவ்வொரு வழக்கிலும் அவர்தான் ஜெயித்தார். ஆனாலும் அவர் கையில் ஒன்றும் மிஞ்சவில்லை. தோற்கிறோம் என்று தெரிந்தே இழுத்தடிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு இழுத்தடிப்பதுதான் வெற்றி.

இந்தத் தொல்லை எல்லா நாட்டிலும் இருப்பதுதான். இங்கிலாந்தில் அலெக்சாண்டர் சாஃபர்ஸ் என்று ஒருவர் இளவரசர், பேராயர் என்று ஒருவரையும் விடாமல் 50 வழக்குக்குப் பக்கமாகப் போட்டார். 1896ல் அங்கே முதல் வம்பு வழக்குச் சட்டம் வந்ததற்கு அவர்தான் காரணம். நம் மாகாணம் 1949ல் செய்தது அதன் தொடர்ச்சி. மகாராஷ்டிரம் 1971ல் செய்தது. நாடு முழுவதற்கும் ஒரு சட்டம் வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2005ல் தன் 192ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது.

இங்கிலாந்தில் இப்போது இதைப் படிப்படியாக வைத்திருக்கிறார்கள். முதலில் அந்த ஒரு வழக்குக்குள் மட்டும் கட்டுப்பாடு, அடங்காவிட்டால் அந்த விவகாரத்தைச் சுற்றிய எல்லாவற்றுக்கும், அதற்கும் மிஞ்சினால் எல்லா வழக்குக்கும். நம்மிடம் அந்த நடுப்படிகள் இல்லை. வம்பு வழக்குக்கு ஈடாக முனிசீப் கோர்ட் சாதாரணமாக விதிக்கக்கூடிய தொகைக்கு 3,000 ரூபாய்தான் உச்சவரம்பு. அதை விட்டால் அடுத்தது இந்த 1949 சட்டம். ஒன்று உறைக்காது, மற்றதை லேசில் எடுக்கவும் மாட்டார்கள். நடுவில் மாட்டிக்கொண்ட நீதிபதிகள் என்ன செய்கிறார்கள் என்றால், அடிக்கடி வருகிற முகத்தைப் பார்த்ததுமே கட்டைப் பிரிக்காமல் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அலுவலகங்களிலும் இதே கதைதான். அங்கே இதற்கு ஒரு பெயரே இருக்கிறது: பெட்டிஷன் பார்ட்டி. அந்தப் பெயர் ஒருமுறை விழுந்துவிட்டால், அவர் வீடு தீப்பிடித்து எரிகிறது என்று மனுக் கொடுத்தாலும் ரசீது போட்டுக் கட்டில் சேர்த்துவிடுவார்கள். அப்பாவைப் பற்றி எனக்கிருக்கும் கவலை இதுதான். இந்தப் பெயரை வைக்க எந்த நீதிமன்றமும் உத்தரவு போட வேண்டியதில்லை, எந்தத் தலைமை வழக்கறிஞரும் மனுப் போட வேண்டியதில்லை. அது ஏற்கெனவே விழுந்துவிட்டது.

அப்பாவின் கடைசி மனு என் மேசையில் இருக்கிறது. ஆகஸ்டில் கலெக்டருக்கு எழுதியது. 11 பக்கம். நீலம், கறுப்பு, சிவப்பு என்று மூன்று மை. முக்கியம் என்று அவர் நினைத்த வரிகளுக்கு அடியில் இரட்டைக்கோடு. ஓரத்தில் இடம் விட்ட இடத்தில் எல்லாம் குறுக்காகச் சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறார். ‘நகல்’ என்று போட்டுக் குடியரசுத் தலைவர் முதல் மனித உரிமை ஆணையம் வரை 14 பேர். முதல் மூன்று பக்கம் சர்வேயர் லஞ்சம் வாங்கினார் என்று. நாலாம் பக்கம் கிராம நிர்வாக அலுவலர். ஐந்து, ஆறு பழைய வக்கீல். ஏழு, எட்டில் அரசியலமைப்புச் சட்டப் பிரிவுகள். ஒன்பதாம் பக்கத்தில் நடுவில் ஒரு வரி: ‘போன வருடம் மார்ச் மாதம் கேட் போட்டுப் பூட்டியதால் தோட்டத்துக்கு நடந்து போகவும் வழியில்லை.’ அதற்கு அடியில் கோடு இல்லை.

பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டு வந்த நான் அந்த வரியில் நின்றுவிட்டேன். 11 பக்கத்தில் ஒரு அதிகாரி செய்து கொடுக்கக்கூடிய காரியம் என்று இருப்பது அந்த ஒரு வரிதான். யாரும் ஒன்பதாம் பக்கம் வரை படிக்கவில்லை. படிக்காததற்கு அவர்களைக் குறை சொல்லலாம், நானும் சொல்வேன். ஆனால் அதைச் சொல்வதால் பாதை திறக்காது.

மெல்போர்னில் பால் முல்லன், கிராண்ட் லெஸ்டர் முதலிய மனநல மருத்துவர்கள் இப்படி விடாமல் புகார் எழுதுகிறவர்களைப் பற்றி ஆராய்ந்து 2004ல் எழுதினார்கள். அதில் சொல்லியிருக்கும் கடிதங்களின் லட்சணமும் இதேதான். நீளம், அடிக்கோடு, பல நிறம், ஓரக்குறிப்பு, நகல் பட்டியல். அவர்கள் கண்ட இன்னொன்று எனக்கு இன்னும் பெரிதாகப் படுகிறது. இவர்கள் கேட்பது நஷ்டஈட்டோடு நிற்பதில்லை. தான் சொன்னது சரி என்று ஊரறிய ஒப்புக்கொள்ள வேண்டும், தப்புச் செய்தவன் தண்டனை பெற வேண்டும். புகார் வாங்கும் அலுவலகம் அதைக் கொடுக்க ஏற்பட்டதே இல்லை. அதனால் எந்தப் பதில் வந்தாலும் அது இவர்களுக்குப் பதிலாகத் தெரிவதில்லை. அடுத்த மனுவில் பதில் எழுதியவர் பெயரும் சேர்ந்துகொள்கிறது. அப்பாவின் வழக்குகளில் பிரதிவாதி எண்ணிக்கையைப் பாருங்கள்: 2014ல் ஒருவர், 2017ல் இரண்டு பேர், 2019ல் ஏழு பேர்.

அதே ஆஸ்திரேலியாவில், அரசு அலுவலகங்கள் மேல் வரும் புகார்களை விசாரிக்கும் நியூ சவுத் வேல்ஸ் ஆம்புட்ஸ்மன் அலுவலகம் 2009ல் தன் அதிகாரிகளுக்கு ஒரு கையேடு போட்டது. அதன் அடிப்படை, ஆளுக்கு முத்திரை குத்தாதே, நடத்தையை மட்டும் கையாளு என்பது. தொல்லை கொடுக்கிறவரின் புகாரிலும் உண்மை இருக்கலாம், அதைத் தனியாக எடுத்துப் பார் என்கிறார்கள். நம் தாலுகா ஆபீஸ்களில் யாராவது இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தால் அவருக்கு நான் கை எடுத்துக் கும்பிடுவேன். அதுவரை அந்த வேலையை வீட்டில் நீங்கள்தான் செய்ய வேண்டும். உண்மையைத் தனியாக எடுத்து வைக்கும் வேலை.

நான் பார்த்த உண்மையைச் சொல்கிறேன். அப்பாவின் பாதை வழக்கை இதுவரை எந்த நீதிமன்றமும் விசாரித்துத் தோற்கடிக்கவில்லை. யாரும் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை, எந்தப் பத்திரத்தையும் கோர்ட்டில் சான்றாகக் குறிக்கவில்லை. 2016ல் வாய்தா அன்று உங்கள் தரப்பில் யாரும் ஆஜராகவில்லை, வழக்கு டீஃபால்ட்டில் போனது. அப்படிப் போனால் 30 நாளுக்குள் காரணம் சொல்லி மனுப் போட்டு அதே வழக்கை மீட்க வேண்டும். மீட்காமல் அதே காரணத்துக்குப் புது வழக்குப் போட முடியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தில் ஒன்பதாவது கட்டளை, ஒன்பதாவது விதி. இதை அன்றைக்கே அப்பாவை உட்கார வைத்து யாராவது ஐந்து நிமிடம் சொல்லியிருந்தால் இத்தனை வருடம் மிச்சம். சொல்லவில்லை. அவர் 2017ல் புது வழக்குப் போட்டார், இந்த விதியிலேயே அடிபட்டது. 2019ல் வாசகத்தை மாற்றி, அதிகாரிகளையும் சேர்த்துப் போட்டார், பிராதையே, அதாவது வழக்கு மனுவையே, நிராகரித்தார்கள். வார்த்தை ஜாலத்தில் புது வழக்குப் போலக் காட்டினால் முளையிலேயே கிள்ளு என்று கீழமை நீதிமன்றங்களுக்கு 1977ல், அரிவந்தாண்டம் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் சொல்லிவைத்தது இன்றைக்கும் வேதவாக்கு. வழக்குப் பைத்தியம் இந்த நாட்டின் ஏழைகளை அழிக்கிறது, அதைத் தடுக்க வக்கீல்களுக்கும் பொறுப்பு உண்டு என்று அதே தீர்ப்பில் வருத்தப்பட்டு எழுதினார். அந்த வரி எங்களுக்காக எழுதியது. அப்பாவின் மூன்றாவது வழக்கில் கையெழுத்துப் போட்ட வக்கீலுக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது.

உங்கள் பெயரில் போடலாமா என்றால், கூடாது. நிலம் அப்பா பெயரில் இருக்கிறது, அவர் வழியாகத்தான் உங்களுக்கு உரிமை, அவரைக் கட்டுப்படுத்தும் விதி உங்களையும் கட்டுப்படுத்தும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆளை மாற்றி அதே வழக்கைக் கொண்டுவருவதைப் பார்த்தால் எந்த நீதிபதிக்கும் கோபம் வரும். இன்றைக்கு அப்பா மேல் இருக்கிற பெயர் நாளைக்கு உங்கள் மேலும் விழும். உங்களுக்கு அது வேண்டாம்.

சரி, வழி இல்லையா? இருக்கிறது என்று நினைக்கிறேன்.

2014ல் படல் கட்டியது குதிரைக்கு. ஆள் நடப்பதை அவர்கள் தடுக்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நடைபாதை அடைபட்டது போன வருடம் மார்ச்சில்தான், வேறு ஒரு ஆளால், வேறு ஒரு செயலால். அதை எதிர்த்து இதுவரை ஒரு வழக்கும் இல்லை. அப்பா போட்ட ஆறு கேசும் அதற்கு முந்தியவை. கேட் பூட்டிய பிறகு அவர் செய்ததெல்லாம் மனு, மனு, மனு. ஒன்பதாம் பக்கத்து வரியை அவர் கோர்ட்டுக்குக் கொண்டுபோகவே இல்லை. இது புது வழக்குமூலம், அதாவது வழக்குப் போடப் புதிதாகப் பிறந்த காரணம், என்று வாதாட நல்ல இடம் இருக்கிறது. எதிர்த்தரப்பு பழைய கதைதான் என்று நிச்சயம் சொல்லும். அந்த வாதத்தில் நாம் தோற்கவும் வாய்ப்பு உண்டு, அதை மறைக்க மாட்டேன்.

அப்பாவின் 1978 கிரயப் பத்திர நகலில் நாலு எல்லை எழுதிய பிறகு ‘மாமூல் வழிநடைப் பாத்தியம் சகிதம்’ என்று ஒரு வரி இருக்கிறது. வழக்கமாக நடந்துபோகும் உரிமையோடு சேர்த்து என்று அர்த்தம். வழக்கமாக எழுதுகிற வாசகம்தான், ஆனாலும் எழுதியிருக்கிறது. மேல் தோட்டத்துத் தாய்ப்பத்திரத்திலும் இதற்கு இணையாக ஏதாவது வரி இருக்கிறதா என்று வில்லங்கச் சான்றும் சான்றிட்ட நகலும் போட்டுப் பாருங்கள். இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

இல்லாவிட்டாலும் 1882ஆம் வருட வசதியுரிமைச் சட்டம் இருக்கிறது. 20 வருடம் இடைவிடாமல், வெளிப்படையாக, உரிமையாக ஒரு பாதையில் நடந்திருந்தால் அது பாத்தியம் ஆகிவிடும். நீங்கள் 1978 முதல் நடந்திருக்கிறீர்கள். ஆனால் அந்த அனுபவம் வழக்குப் போடுவதற்கு முந்திய இரண்டு வருடத்துக்குள் முடிந்ததாக இருக்க வேண்டும். பூட்டு விழுந்தது போன வருடம் மார்ச், இது அக்டோபர். இன்னும் ஐந்து மாதம்கூட முழுதாக இல்லை. இந்த ஐந்து மாதத்தில் அப்பா இன்னும் இருபது மனு எழுதினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

அந்த மனுக்களுக்கு ஒரு உபயோகமும் இருக்கிறது. தடையை ஒருவர் ஒரு வருடம் ஏற்றுக்கொண்டு சும்மா இருந்தால்தான் அது அந்த 20 வருட அனுபவத்தில் விழுந்த இடையீடு ஆகும் என்று அதே சட்டம் சொல்கிறது. அப்பா சும்மா இருக்கவில்லை என்பதற்கு மார்ச்சுக்குப் பிறகு திண்டுக்கல்லில் வாங்கிய ஒவ்வொரு ரசீதும் அத்தாட்சி. அந்த ரசீதுகளைத் தேதிவாரியாக அடுக்கி வையுங்கள். இதை அப்பாவிடம் சொல்லுங்கள். இத்தனை வருடம் எழுதியது வீண் என்று மட்டுமே கேட்டுக் கேட்டுச் சலித்த மனிதர் அவர்.

அடுத்தது சர்வேயர். இதைச் சொல்லத்தான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருக்கிறது. அவருடைய 2018 அறிக்கை கட்டில் இருக்கிறது, மடிப்பில் கிழிந்திருக்கிறது. முதல் வரி: ‘மனுதாரர் கூறும் பாதை புலப்படத்தில் இல்லை.’ அப்பா அந்த வரியைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டு ‘பொய்’ என்று எழுதியிருக்கிறார். அதற்கு அடுத்த வரி: ‘ஆயினும் ஸ்தலத்தில் ஒற்றையடிப்பாதை காணப்படுகிறது, மேற்படி பாதையில் மனுதாரர் குடும்பத்தினர் நீண்டகாலமாக நடந்து வருவதாக அக்கம்பக்கத்தார் தெரிவித்தனர்.’ புலப்படம் என்பது நில அளவைத் துறையின் வரைபடம். அதில் இல்லை என்றால் அது பொறம்போக்குப் பாதை இல்லை, வருவாய்த்துறை வந்து திறந்துவிட முடியாது என்று மட்டும்தான் அர்த்தம். இரண்டாவது வரிதான் வசதியுரிமை வழக்குக்கு உயிர். அப்பா யார் மேல் கிரிமினல் கேஸ் போட்டாரோ, யாரைப் பற்றி இத்தனை மனுவில் எழுதினாரோ, அந்த மனிதர்தான் உங்களுடைய முதல் சாட்சி. லஞ்சம் வாங்கினார் என்பதற்கு அந்தக் கட்டில் ஒரு துரும்பும் இல்லை. அப்பா அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். நேரில் முடியாவிட்டால் ஒரு கடிதம், ஒரே மையில், அரைப் பக்கம். வழக்குக்காகக் கேட்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரு அரசு ஊழியர் பொய்க் குற்றச்சாட்டைச் சுமந்துகொண்டு மதுரைக்கும் கொடைக்கானலுக்கும் அலைந்திருக்கிறார். அவர் வீட்டிலும் ஒரு மகள் இருக்கலாம்.

பொய்ப் புகார் என்று அவர் திருப்பிப் பிடித்தால் அதற்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் பிரிவுகள் உண்டு. அதனால் அதிகாரிகள் மேல் நிலுவையில் இருக்கும் புகார்களை ஒரு கடிதம் எழுதித் திரும்பப் பெற்றுவிடுங்கள். தகவல் உரிமை மனுவையும் இப்போதைக்கு நிறுத்துங்கள். 10 ரூபாய்தான் என்று போட்டுக்கொண்டே போவதைப் பற்றி உச்ச நீதிமன்றமே 2011ல் முகம் சுளித்துச் சொல்லியிருக்கிறது. உங்களுக்கு வேண்டிய காகிதம் எல்லாம் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது.

அந்த நோட்டீசுக்கு ஒரு வக்கீலை வைத்து ஒரு பக்கத்தில் பதில் அனுப்புங்கள். கேட் பூட்டிய தேதி, 1978 பத்திரம், பாதையைத் திறக்க 15 நாள் அவகாசம். வேறு ஒன்றும் வேண்டாம்.

வழக்குக்கு முன்னால் கொடைக்கானல் கோர்ட் வளாகத்தில் இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் ஒரு மனுப் போட்டால், எதிர்த்தரப்பைக் கூப்பிட்டுப் பேச வைப்பார்கள். மேல் தோட்டத்துப் புதியவருக்கும் முந்தியவருக்கும் எந்த உறவும் இல்லை. பழைய பகை அவருக்கு வாரிசாக வந்திருக்கிறது, அவ்வளவுதான். கேட் இருக்கட்டும், ஒரு சாவி எங்களிடம் இருக்கட்டும், காலை ஆறு முதல் மாலை ஆறு வரை, மூன்றடி அகலம், பழம் எடுக்கும் மாதங்களில் குதிரைக்கும் வழி என்று முடிந்தால், அதை லோக் அதாலத்தில் பதிவு செய்யலாம். அது தீர்ப்புக்குச் சமம், அதன் மேல் அப்பீல் கிடையாது. இந்தப் பேச்சுக்கே மூன்று மாதம் போகவிடாதீர்கள். டிசம்பருக்குள் முடியவில்லை என்றால் ஜனவரியில் வழக்கு.

வழக்குப் போட்டால் பிராதின் முதல் பத்தியிலேயே பழைய மூன்று வழக்கையும், இரண்டு ரிட்டையும், கிரிமினல் கேசையும் எண், தேதியோடு எழுதச் சொல்லுங்கள். எழுத வேண்டாம் என்று சொல்கிற வக்கீலை விட்டு விலகிவிடுங்கள். எதிரி வாயிலிருந்து வந்தால் அது வம்பு வழக்குக்கு அத்தாட்சி, நம் வாயிலிருந்து வந்தால் நேர்மைக்கு அத்தாட்சி. பிரதிவாதி ஒரே ஒருவர்தான், கேட் போட்டவர். கூடவே இடத்தைப் பார்த்து அறிக்கை தர ஒரு வக்கீல் கமிஷனரை நியமிக்கக் கேட்டு மனுப் போடுங்கள். ஒற்றையடித் தடத்தில் இன்னும் புல் முழுதாக மூடியிருக்காது, சீக்கிரம் பார்த்தால் நல்லது.

அப்பாவுக்கு மனநலக் கோளாறா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் இரண்டு இடத்தில் சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். நான் டாக்டர் இல்லை. தினமும் மூன்று மணிக்கு எழுகிற 71 வயது மனிதரை டாக்டரிடம் காட்டுவதில் தப்பு ஒன்றும் இல்லை. தூக்கத்துக்காகக் கூட்டிப்போங்கள், கேசுக்காக என்று சொல்லாதீர்கள். ‘விட்டுவிடுங்கள் அப்பா’ என்றும் சொல்லாதீர்கள். அதை அவர் எல்லா அலுவலகத்திலும் கேட்டுவிட்டார். அம்மாவையும் பேசச் சொல்லுங்கள். அந்த வீட்டில் பாதையைத் தவிர வேறு பேச்சும் அவர் காதில் விழட்டும்.

அடுத்த வாரம் உங்களால் முடிந்தால் அவரைக் கூட்டிக்கொண்டு ஏதாவது ஒரு நல்ல சிவில் வக்கீலிடம் போங்கள். கட்டு முழுவதையும் அவர் தூக்கிக்கொண்டு வருவார், தடுக்க வேண்டாம். ஆனால் மேசையில் வைப்பது நான்குதான்: 1978 பத்திரம், 2018 சர்வேயர் அறிக்கை, மார்ச்சுக்குப் பிந்திய ரசீதுகள், ஆகஸ்ட் மனுவின் ஒன்பதாம் பக்கம். அந்த வரிக்கு அடியில் கோடு போடச் சொல்லி அப்பா கையிலேயே பேனாவைக் கொடுங்கள்.